முப்பத்தொரு மணி நேரம்

ஏகாம்பரம் பதினோரு வருஷமாக விமானிகளை வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். விமானத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கென்று தில்லி வந்தவன், கலவை சுமந்த நாலு வருஷத்துக்குள் லைசென்ஸ் எடுத்து, துவாரகாவில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தான். பதினெட்டு வெள்ளைக் கார்கள் வைத்திருந்த அந்த ஆளை டிரைவர்கள் எல்லோரும் மாலிக், அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். விமானக் கம்பெனி மாலிக்குக்கு நேரத்தை அனுப்பும். மாலிக் டிரைவருக்கு அனுப்புவார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் விமானியின் வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டும்.

அவன் குடியிருந்தது திரிலோக்புரியில், முதல் மாடியில், ஒரு அறையும் சமையல் மூலையும். மனைவி செங்கம்மாள் பக்கத்து மயூர் விஹார் ஃபிளாட்டுகளில் மூன்று வீடுகளுக்குச் சமையல் செய்தாள். மகள் சிந்து கல்லூரியில் இரண்டாம் வருஷம். தில்லியிலேயே பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஏகாம்பரமும் அப்படித்தான், மொழி மட்டும் வேறு. இந்தி சரளமாகப் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

வீட்டிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு மெட்ரோவிலும் ஷேர் ஆட்டோவிலுமாக ஒன்றரை மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் வண்டி, மூன்று மணி நேரம் போக வர. மிச்சத்தில்தான் குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

அவன் அடிக்கடி ஏற்றுகிறவர்களில் ஒருத்தி கேப்டன் மதுமதி. முப்பத்தாறு வயது. அவளுடைய அப்பா பாலசுப்ரமணியம் மத்திய அரசு வேலையில் இருந்தவர். மதுமதி வளர்ந்தது கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில். அவர் ஓய்வு பெற்றபின் துவாரகாவில் ஃபிளாட் வாங்கி வந்துவிட்டார்கள். காரில் ஏறியதும், "வணக்கம் அண்ணா, சாப்டீங்களா?" என்பாள். பிறகு பெரும்பாலும் போன்தான்.

போன வருஷம் எங்கோ ஒரு விமானம் விழுந்ததை டிவியில் நாலு நாள் விடாமல் காட்டினார்கள். செங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு தெனமும் மேல போய்க்கினு வருதே, பயமா இருக்காதா அதுக்கு? ஒருநாளு கேளுய்யா" என்றாள்.

கேட்டான். மதுமதி சிரித்தாள்.

"அண்ணா, என் வேலைல ரொம்ப டேஞ்சர் எது தெரியுமா? வீட்லேர்ந்து ஏர்போர்ட் வரைக்கும் இந்த இருபது நிமிஷம்தான். மேல போய்ட்டா நிம்மதி."

வீட்டில் வந்து சொன்னபோது செங்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன்னச் சொல்லுதா அது?"

"ரோட்டச் சொல்லுது" என்றான் ஏகாம்பரம்.

ஜூன் மாதம் தில்லியில் காற்றே அனலாக வீசும். அந்த வருஷம் ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. இரண்டு டிரைவர்கள் கல்யாணத்துக்கென்று பீகார் போயிருந்தார்கள். ஒருவன் வெயில் தாக்கி வாந்தியெடுத்துப் படுத்துவிட்டான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிய ஏகாம்பரம் அன்று ராத்திரியே திரும்பியிருக்க வேண்டும். மாலிக் போனில், "இன்னும் ஒரே ஒரு ட்ரிப், அவ்வளவுதான்" என்றார். அந்த ட்ரிப் முடிந்ததும் இன்னொன்று. இடையில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டைச் சாய்த்து முக்கால் மணி நேரம் படுத்தான். விடிந்தபிறகு ஸ்டாண்டில் ஒரு மணி நேரம். ஏசி போட்டால் டீசல் தீரும் என்பதால் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் படுக்க வேண்டும். வியர்வையும் கொசுவும்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே முக்காலுக்கு மதுமதியை ஏற்றினான். இரண்டு சமோசாவும் ஒரு டீயும்தான் உள்ளே போயிருந்தது. பின்னால் சவாரி இருந்ததால் ஏசி ஓடியது. அந்தக் குளிர் பட்டதும் உடம்பு முழுக்கத் தளர்ந்தது. ஒரு சிக்னலில் பின்வண்டி ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருப்பது தெரிந்தது. தலையை உதறிக்கொண்டு வண்டியை எடுத்தான். அகலமான ரோடு, வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்கியது. அதுவரை அவனுக்கு நினைவிருக்கிறது.

வண்டி டிவைடரில் ஏறியபோது விழித்தான். முன்சக்கரம் தூக்கிப் போட்டது. அரளிச் செடிகள் கண்ணாடியில் அறைந்தன. யாரோ கத்தினார்கள். பிரேக்கை மிதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டிவைடரில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண் ரோட்டோரம் கிடந்தாள். பெயர் ராம்கலி என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் டேங்கர் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவர்களுக்கு வேலை. அன்று உச்சி வெயிலில் வந்திருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் கையிலிருந்து விழுந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மதுமதிதான் முதலில் இறங்கி ஓடினாள். பையிலிருந்த துண்டை எடுத்துக் காலைக் கட்டினாள். வந்த வண்டியொன்றை மறித்து ராம்கலியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்து, இன்றைக்கு என்னால் பறக்க முடியாது என்றாள். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்கவில்லை. "அச்சா மேடம், ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். அரைமணி நேரத்தில் வேறொரு கேப்டன் கிளம்பியாயிற்று.

ஏகாம்பரம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும். மாலிக் வந்தார். இந்தியில் எழுதி எடுத்து வந்திருந்த காகிதத்தை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்றார். போட்டான். ஜாமீன் கிடைத்தது. வண்டி அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது செங்கம்மாள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்து, கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் போனிலேயே தெரிந்திருந்தது. சொம்பை நீட்டினாள். இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டான்.

"அந்தப் பொம்பளைக்கு உசுருக்கு ஒண்ணும் இல்லியே?"

"கால்தான். ராடு வைக்கணுமாம்."

"நீ இன்னா ஆன? எப்பிடி ஏறிச்சு மேல?"

"தூங்கிட்டேன் செங்கம்மா."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "போலீஸ்ல சொன்னியா?" என்றாள்.

"அவரு ஒரு பேப்பர் எழுதியாந்தாரு. கையெழுத்துப் போட்டேன். நகல் குடுத்துக்கிறாரு."

சட்டைப் பையில் நாலாக மடித்திருந்ததை சிந்து வாங்கிப் பிரித்தாள். முகம் மாறியது.

"அப்பா, இதுல என்ன லிக்கா ஹை, என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? அந்த ஆன்ட்டி பைப்ப எடுத்துட்டு ரோட்டுக்கு இறங்கிட்டாங்களாம். நீங்க அவங்களக் காப்பாத்த வண்டியத் திருப்பினீங்களாம். மத்லப், தப்பு அவங்களுதுன்னு இருக்கு."

"அது டிவைடர் மேலதான் நின்னுச்சு" என்றான் ஏகாம்பரம்.

"அப்போ ஏன் சைன் பண்ணீங்க?"

"எனக்கின்னா படிக்கவா தெரியும்?"

செங்கம்மாள் மகள் கையிலிருந்து காகிதத்தை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "எழுதினது எழுதியாச்சு. உங்கப்பன் ஜெயில்ல இல்ல, ஊட்ல குந்திக்கினு கீறான். அது போதும் எனக்கு. வாய மூடிக்கினு படு" என்றாள்.

அன்றிலிருந்து ஏகாம்பரத்துக்குத் தூக்கம் போயிற்று. கூலருக்கு நேராகப் பாய் போட்டுப் படுப்பான். கண் செருகும் நேரத்தில் முன்சக்கரம் தூக்கிப்போடும், எழுந்து உட்கார்ந்துவிடுவான். பதினோரு வருஷமாகத் தூக்கம் வந்து நேரமில்லை. இப்போது நேரம் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுமதி வந்தாள். இரும்புப் படியில் ஏறி வந்து, கையில் ஒரு பழப் பையோடு வாசலில் நின்றாள். செங்கம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டாள். மதுமதி டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, அன்னிக்கு எத்தன மணி நேரமா ஓட்டிட்டு இருந்தீங்க?"

அவன் விரல் மடக்கினான். "திங்கக்கெழம காலீல எட்டு மணிக்குக் கெளம்பினேன் மேடம். உங்கள ஏத்தி, அது நடந்தப்போ மூணு மணி. முப்பத்தொண்ணு."

"நடுவுல தூங்கினது?"

"ஒண்ணே முக்கா மணி நேரம் இருக்கும். காருக்குள்ளதான்."

மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் அன்னிக்கு ஒன்பது மணி நேரம் தூங்கிட்டு வந்தேன் அண்ணா. தூங்கித்தான் ஆகணும், ரூல். எத்தன மணி நேரம் பறக்கலாம், நடுவுல எவ்வளவு ரெஸ்ட், எல்லாம் எழுதி வச்சிருக்காங்க. எனக்கே முடியலன்னா முடியலன்னு சொல்லலாம், யாரும் திட்ட மாட்டாங்க. பக்கத்துல இன்னொரு பைலட் இருப்பான். எனக்குக் கண்ணு சொக்கினா அவன் சொல்லணும், அவனுக்குச் சொக்கினா நான் சொல்லணும். அதான் அது சேஃப். வேற மேஜிக் ஒண்ணும் கிடையாது."

"மேல பறக்கறதுக்கு இத்தினி பேரு பாத்துக்கிறாங்க" என்றாள் செங்கம்மாள் சுவரில் சாய்ந்தபடி.

"ஆமாக்கா. அதனாலதான் வந்தேன். கம்பெனில ஒரு ரிப்போர்ட் சிஸ்டம் இருக்கு. தப்பு நடந்தா நடந்தபடி எழுதணும். உண்மைய எழுதினவங்களுக்குத் தண்டனை கிடையாது. ஏன் நடந்துச்சு, இனிமே நடக்காம என்ன பண்ணலாம்னுதான் பாப்பாங்க. அண்ணாவோட அவர்ஸ் எழுதட்டுமா? எழுதினா மத்த டிரைவர்ஸுக்காவது ஒரு வழி பிறக்கும்."

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவன் மதுமதியிடம் திரும்பி, "எழுதுங்க மேடம்" என்றான்.

ரிப்போர்ட் வேலை செய்தது. மூன்று வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒப்பந்தக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. எந்த டிரைவரும் பத்து மணி நேரத்துக்குமேல் ஓட்டக் கூடாது. அடுத்த ஷிஃப்டுக்குமுன் வீட்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும். அதற்குத் தினமும் கையெழுத்து. மாலிக் ஆறு டிரைவர்களைப் புதிதாக எடுத்தார். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, கேஸ் முடியும்வரை வீட்டில் உட்கார் என்றார். அதற்குள் லைசென்ஸும் ஆறு மாதத்துக்கு முடக்கப்பட்டிருந்தது.

காஜிபூர் பூ மண்டியில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. விடியற்காலையில் போய், சாமந்தி மூட்டைகளைச் சுமந்துவிட்டு, காலை பத்துக்கெல்லாம் வந்துவிடுவான். சட்டையில் சாமந்தி நெடி அடிக்கும். உடம்பு அலுத்து வந்து படுத்தாலும் தூக்கம் வராது. செங்கம்மாள் கசகசா அரைத்துப் பாலில் கொடுத்துப் பார்த்தாள். டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். மாத்திரை போட்ட அன்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான், அவ்வளவுதான்.

"தண்டன கெடையாதுன்னு சொல்லிச்சே அந்தக் கேப்டனம்மா" என்பாள் அவள், பாத்திரத்தைப் போட்டபடி. "யாருக்குக் கெடையாது? அவுங்க மேல ஓட்ற சட்டத்த எடுத்தாந்து கீழ உன் தலீல வச்சிட்டுப் போயிட்டாங்க. நீயும் 'எழுதுங்க மேடம்'ங்கற."

"அந்தம்மா நல்லதுக்குத்தான் சொல்லிச்சு."

"நல்லது நடந்துச்சுய்யா. ஊர்ல கீற டிரைவருக்கெல்லாம் நடந்துச்சு."



செப்டம்பரில் நஷ்டஈட்டு வழக்கு துவாரகா கோர்ட்டுக்கு வந்தது. தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது மாலிக் போன் செய்தார். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல். அவள் ரோட்டில் இறங்கினாள், நீ திருப்பினாய். வண்டியில் ஒரு ஆள் முப்பதுமணி நேரம் இருந்தான் என்று கோர்ட்டில் ஏறினால் என் ஒப்பந்தமே போய்விடும். சொன்னபடி சொன்னால் லைசென்ஸ் வந்த மறுநாள் உனக்கு வண்டி காத்திருக்கும்.

செங்கம்மாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் மூன்று வீட்டிலும் சமையலை முடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் மெட்ரோ ஏறினாள். ராம்கலி இருந்த இடத்தை மதுமதியிடம் போனில் விசாரித்திருந்தாள். துவாரகாவை ஒட்டிய ஒரு குடிசைப் பகுதி. சாயங்காலம் திரும்பி வந்தபோது முகம் கழுவக்கூட இல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மே போயிட்ட? போனும் எடுக்கல" என்றான் ஏகாம்பரம்.

"அந்தப் பொம்பளையப் பாக்கப் போனேன்."

அவன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கட்டில்ல படுத்துக்கினு கெடக்குது. ரெண்டு தபா ஆப்பரேசன் பண்ணியும் கால் நேரா வரல. வாக்கர் வச்சிக்கினு கக்கூசுக்குப் போவுது. ஊட்டுக்காரன் சொல்றான், இவ ஏன் ரோட்ல எறங்கினா, இவ பண்ண வேலதான்னு. அவனுக்கு யார் சொன்னது? வேல குடுத்த சூப்பர்வைசரு சொல்லிக்கிறான். ரோட்ல எறங்கி நின்னதுக்காவப் பேர வெட்டிட்டானாம். போலீஸ் பேப்பர்லயே அப்பிடித்தான் இருக்குன்னு காட்டினானாம். உன் கையெழுத்துப் போட்ட பேப்பரு."

"நான் எழுதலியே செங்கம்மா."

"நீ எழுதல. அது எனுக்குத் தெரியும். அந்தப் பொம்பளைக்கு இன்னா தெரியும்? எங்கிட்ட சொல்லிச்சு: 'பெஹன், நான் டிவைடர் மேலதான் நின்னேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எல்லாரும் இல்லன்றாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு'ன்னு. யாருன்னு தெரியாமலே எனக்கு டீ போடச் சொல்லிச்சு பொண்ணுகிட்ட. குடிக்க முடியல என்னால."

"யாருன்னு சொன்னியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். அது செவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு."

சிந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செங்கம்மாள் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தூங்கிட்டேன்னு சொல்லிடு. வண்டி வேல போனா போவுது. நாலாவது ஊடு ஒண்ணு கேட்டுக்கினு கீறாங்க, அதையும் எடுத்துக்கறேன். அது காலும் போயி, புத்தியும் போயிட்டாப் பாவம் நம்மளச் சும்மா வுடாது."

ஏகாம்பரம் தலையாட்டினான். அவன் எதைச் சொல்லக் காத்திருந்தானோ அதை அவள் சொல்லிவிட்டது போலிருந்தது.

அவள் அத்தோடு விடவில்லை. சிந்துவிடம் போனை வாங்கி மதுமதியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் செங்கம்மா பேசறேன். ஏகாம்பரம் சம்சாரம். வெசாயக்கெழம கோர்ட்டு. நீங்க வரணும்."

"அக்கா, என் ரிப்போர்ட் ஆல்ரெடி கம்பெனில—"

"அது கம்பெனிக்கு எழுதினது. கோர்ட்டுக்கு அது போவாதுன்னு எம்பொண்ணு சொல்லுது. இவுரு போய் தூங்கிட்டேன்னு சொல்லப் போறாரு. ஏன் தூங்கினாருன்னு யாரு சொல்றது? இவுரு சொன்னா தப்பிக்கச் சொல்றான்னுவாங்க. அந்த வண்டீல ரெண்டே பேருதான் இருந்தீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. பின்னாடி ஒக்காந்துக்கினு இருந்தீங்களே. இவுரு கண்ணு சொக்கறது உங்களுக்குத் தெரியலியா?"

லைன் இருக்கிறதா என்று செங்கம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"தெரிஞ்சுது அக்கா" என்றாள் மதுமதி. "சிக்னல்ல பச்சை விழுந்தும் வண்டி எடுக்கல. கண்ணாடில பாத்தேன், கண்ணு மூடியிருந்தது. பின்னாடி வண்டி ஹாரன் அடிச்சுது, அண்ணா முழிச்சுட்டார். நான் திரும்பவும் போனைப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். மேல இருந்தா ஒரு செகண்ட் சும்மா இருந்திருக்க மாட்டேன். என் கோ-பைலட் அப்படிக் கண்ணை மூடினா உடனே கன்ட்ரோல வாங்கியிருப்பேன். கார்ல ஏறினா நான் வெறும் பாசஞ்சர். எனக்குத் தோணவே இல்ல. ரிப்போர்ட்ல அண்ணாவோட அவர்ஸ் மட்டும் எழுதினேன். இத எழுதல."

"வந்து சொல்லுங்கம்மா" என்றாள் செங்கம்மாள்.

"வரேன் அக்கா."

வியாழக்கிழமை கோர்ட்டில் மின்விசிறிக்கடியில் இடமில்லாமல் ஜனங்கள் நின்றார்கள். ராம்கலியை மகளும் கணவனும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வாக்கரைப் பக்கத்தில் மடித்துவைத்தாள். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. ஃபைலிலிருந்து தலை நிமிராமலேயே பேசினார்.

மாலிக்கின் வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்தார். இது உன் கையெழுத்துதானே என்று ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"கையெழுத்து என்னுது. எழுத்து என்னுது இல்ல. எனக்கு இந்தி படிக்க வராது" என்றான் ஏகாம்பரம் இந்தியில். "அந்தப் பெண் ரோட்டில் இறங்கவில்லை. டிவைடர் மேல் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டேன். முதல்நாள் காலையிலிருந்து வண்டியில் இருந்தேன்."

நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். இதைச் சொன்னால் உன்மேல் இருக்கும் கிரிமினல் கேஸ் இறுகும், தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் ஜி."

மதுமதியைக் கூப்பிட்டார்கள். சாதாரண சல்வாரில் வந்திருந்தாள். முப்பத்தொரு மணி நேரத்தைச் சொன்னாள். சிக்னலைச் சொன்னாள். தான் பார்த்ததையும், பார்த்தும் சும்மா இருந்ததையும் சொன்னாள். மாலிக்கின் வக்கீல் எழுந்து, "ஓட்டுநர் தூங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு கேப்டன் போன் பார்த்துக்கொண்டிருந்தீர்களா?" என்றார், நம்பமுடியாதவர் போல.

"ஆமாம்" என்றாள் மதுமதி. "அதுதான் நடந்தது."

அரைமணி நேரத்தில் முடிந்தது. தவறு முழுக்க வண்டியின் பக்கம் என்று பதிவாயிற்று. ராம்கலியின் வைத்தியத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இடைக்காலத் தொகை கட்ட வேண்டும் என்று உத்தரவு. வண்டிச் சொந்தக்காரர் டிரைவர்களின் நேரக் கணக்கை அடுத்த தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஏகாம்பரத்தின் கிரிமினல் கேஸ் நவம்பரில்.

வெளியே தாழ்வாரத்தில் மாலிக் அவனைப் பார்க்காமலேயே கடந்து போனார். ராம்கலி வாக்கரை ஊன்றி மெதுவாக வந்தாள். ஏகாம்பரம் சுவரோடு ஒட்டிக் கைகூப்பி நின்றான். அவள் அவன் எதிரில் மூச்சு வாங்க நின்று, கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கள் டேங்கர்காரனும் இப்படித்தான்" என்றாள். "அவனும் தூங்குவதில்லை."

பிறகு கணவன் பக்கம் திரும்பி, "கேட்டாயல்லவா? நான் மேலேதான் நின்றேன்" என்றாள். அவன் தலையைக் குனிந்தபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் படியிறங்கிப் போனார்கள்.

மதுமதி செங்கம்மாளிடம் வந்தாள். "அக்கா, தண்டனை கிடையாதுன்னு சொல்லி நான்தான்…"

"உட்ருங்கம்மா. உங்களுக்கு இதனால ஆபீசுல ஒண்ணும் வராதே?"

"கேப்பாங்க. எழுதிக் குடுப்பேன். ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"நல்லது" என்றாள் செங்கம்மாள். அதை அவள் மனசாரத்தான் சொன்னாள். மதுமதிக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. "நவம்பர்லயும் வரேன் அக்கா. நீங்க கூப்பிட வேண்டாம், நானே வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெட்ரோவில் பிற்பகல் கூட்டம் குறைவு. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. செங்கம்மாள் டப்பாவைத் திறந்து புளிச்சோறு கொடுத்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஏகாம்பரம் நாலு கவளம் வேகமாகச் சாப்பிட்டான். ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது அவனுக்குத் தெரியும்.

"நாலாவது ஊடு எந்த பிளாக்குல?" என்று கேட்டான்.

"பின்பக்கம். வயசான ரெண்டு பேருதான். உப்பு கம்மியாப் போட்டுச் சமைக்கணுமாம்."

அவன் டப்பாவை மூடி அவள் கையில் கொடுத்தான். ஜனக்புரி தாண்டும்போது தலை மெல்ல ஆடியது. செங்கம்மாள் பார்த்தாள். வழக்கம்போல் திடுக்கிட்டு எழுந்துகொள்வான் என்று காத்திருந்தாள். ரயில் ஒரு வளைவில் திரும்பியது. அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு நிதானமாக வந்தது.

அவள் அசையாமல் உட்கார்ந்தாள். ராஜீவ் சௌக்கில் கூட்டம் ஏறி இறங்கியது. யாரோ பை இடித்தது, அவன் விழிக்கவில்லை. யமுனை வந்தது. மழைத் தண்ணீர் இன்னும் வடியாமல் இருகரையும் தொட்டு மண் நிறத்தில் ஓடியது. மடியில் போன் அதிர்ந்தது. சாயங்காலச் சமையலுக்கு எப்போது வருகிறாய் என்று ஒரு வீட்டிலிருந்து. எடுக்கவில்லை.

அக்ஷர்தாம் போயிற்று. மயூர் விஹார் வந்தது. கதவு திறந்தது. எதிர்ச் சீட்டுக்காரர்கள் இறங்கினார்கள். செங்கம்மாள் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது. ரயில் நொய்டாவைப் பார்க்கக் கிளம்பியது.

மறுபடி போன். இந்தத் தடவை சிந்து. இடது கையால் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "சொல்லு" என்றாள்.

"ம்மா, என்ன ஆச்சு? கஹான் ஹோ, எங்க இருக்கீங்க? ஸ்டேஷன் வந்துட்டீங்களா?"

"அது போயிடுச்சு."

"போயிடுச்சா? ஏன் இறங்கல?"

"உங்கப்பா தூங்கறாரு."



"இருங்கம்மா" என்றாள் சிந்து. "எழுப்பாதீங்க. நீங்க சாயங்காலம் சமைக்கற வீட்டுல நான் போய் சமைச்சு வச்சுடறேன்."